ஒரே நம்பரில் இரண்டு பேர்

சித்தி போன் பண்ணி, "ஏட்டி, எனக்கு மாத்திரை முடிஞ்சிட்டு" என்று சொன்னபோது நான் செம்பூர் ஸ்டேஷனில் குர்லா வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். காலை நெரிசல். சரியாகக் காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

"டி.பி. மாத்திரைட்டி. முடிஞ்சிட்டுன்னு சொல்லிட்டாவ. ஞாயித்துக்கிழமை வா, கேசரி கிண்டுதேன்."

ரொம்ப சந்தோஷம் சித்தி என்றேன். வண்டி வந்தது, ஏறிவிட்டேன். அவள் பேசியது சித்தப்பாவின் போனிலிருந்து. அவளுக்கென்று போன் கிடையாது. அந்த வீட்டில் எப்போதும் ஒரே போன்தான்.

ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. சித்தப்பாவுக்கு முதலில் வந்தது. பை தைக்கும் பட்டறையில் இருமி இருமி வேலை செய்துகொண்டிருந்தவரை மேஸ்திரியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இரண்டு மாதம் கழித்துத்தான் சித்திக்குச் சோதனை செய்தார்கள். அவளுக்கும் இருந்தது. ஆக, அவர் முடிக்கும்போது அவளுக்கு இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருக்க வேண்டும். குர்லாவில் இறங்கி மாட்டுங்கா வண்டிக்கு மாறுவதற்குள் இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம். நான் போடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை போகவும் இல்லை. வாஷிங் மெஷின் ரிப்பேர்காரன் வருவதாகச் சொல்லியிருந்தான், வீட்டிலேயே இருந்துவிட்டேன். அவன் வரவில்லை.

நான் மென்பொருள் எழுதுகிறவள். எங்கள் ஆபீஸ் அப்போது மாட்டுங்காவில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. சின்னக் கம்பெனி, பதினைந்து பேர். எங்களுக்கு வந்த வேலைகளில் ஒன்று, தாராவியிலும் கோவண்டியிலும் காசநோய் மருந்து கொடுக்கும் ஒரு அறக்கட்டளைக்கு ஆப் செய்து கொடுப்பது. அதுவரை அவர்கள் தடி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு எந்த வாரம் மருந்து, யார் வரவில்லை, எல்லாம் நோட்டில். எங்கள் ஆப் இரண்டு காரியம் செய்ய வேண்டும். மருந்து வாங்கும் நாளுக்கு முன்தினம் நோயாளிக்குத் தானாகப் போன் போக வேண்டும். கவுன்டரில் ஆள் வந்து நின்று போன் நம்பரைச் சொன்னால், அவருடைய விவரம் திரையில் வர வேண்டும்.

சித்தியும் சித்தப்பாவும் மருந்து வாங்கியது அந்த மையத்தில்தான். அதனால் அந்த வேலை வந்தபோது எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. இப்போது அதை நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

வேலையின் நடுப்பகுதி ஒரு மேப். நிரல் எழுதாதவர்களுக்குச் சொல்வதானால், மேப் என்பது ஜோடிகளின் தொகுப்பு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சாவி, ஒரு மதிப்பு. சாவியைக் கொடுத்தால் மதிப்பு கிடைக்கும். ஒரு சாவி ஒரு தடவைதான் இருக்க முடியும். அதுதான் அதன் ஒரே சட்டம். மதிப்புக்கு அந்தச் சட்டம் இல்லை. ஒரே மதிப்பு எத்தனை சாவிகளுக்கு வேண்டுமானாலும் இருக்கலாம். எங்களிடம் இருந்த மேப்பில் நோயாளியின் பதிவு எண் சாவி, அவர் கொடுத்த போன் நம்பர் மதிப்பு. சித்தப்பாவுக்கு ஒரு பதிவு எண், சித்திக்கு ஒரு பதிவு எண், இரண்டுக்கும் எதிரே ஒரே போன் நம்பர். அதில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் கவுன்டரில் நிற்கிறவர்கள் பதிவு எண்ணை நினைவு வைத்திருக்க மாட்டார்கள், போன் நம்பரைத்தான் சொல்வார்கள். அதனால் மேப்பைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. போன் நம்பர் சாவியாகவும் பதிவு எண் மதிப்பாகவும் மாற வேண்டும். போன் போக வேண்டியவர்களின் பட்டியலையும் அந்தத் திருப்பிய மேப்பிலிருந்தே எடுப்பதாக ஏற்பாடு. திருப்பும் அந்த நாலு வரியை எழுதியவர் எங்கள் டீம் லீடர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் ரயில்வே ஆபீஸ் வேலைக்கு வந்த குடும்பம். ஆபீஸிலிருந்து வீட்டுக்கு நடந்துபோய்ச் சாப்பிட்டு வருவார். கெட்டவர் இல்லை. என் கல்லூரிப் பெயரைக் கேட்டு உதட்டைப் பிதுக்காமல் வேலைக்கு எடுத்தவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே அவரைப் பற்றிக் கோபமாக எழுத எனக்குப் பல மாதங்கள் ஆயின.

அவர் அந்த நாலு வரியை ஓட்டிப் பார்த்தபோது நிரல் நின்றுவிட்டது. சிவப்பில் ஒரு பிழைச் செய்தி வந்தது. ஒரே சாவி இரண்டு தடவை வருகிறது என்று சொல்லி, அந்தப் போன் நம்பரையும் அதற்கு உரிய இரண்டு பதிவு எண்களையும் காட்டியது. இந்த இரண்டு பேரில் யாரை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை, நீயே சொல் என்று இயந்திரம் கேட்டது. அதற்கு மேல் தெளிவாக ஒரு இயந்திரம் கேட்க முடியாது.

அவர் ஒரு சின்ன வரி சேர்த்தார். இரண்டு வந்தால் முதலில் வந்ததை வைத்துக்கொள், அடுத்ததை விட்டுவிடு என்று அதற்கு அர்த்தம். சிவப்பு போய்விட்டது. நிரல் ஓடியது.

எங்கள் ஆபீஸில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்துச் சம்மதம் கொடுத்தால்தான் அது உள்ளே போகும். அன்று படித்துப் பார்க்க வேண்டியவள் நான். அந்த வரியைப் பார்த்ததும் நின்றேன். அவருடைய மேஜைக்குப் போய்க் கேட்டேன்.

"ஒரே நம்பரை ரெண்டு பேர் கொடுத்திருந்தா என்ன பண்றது?"

"அது டேட்டா குப்பை. ஃபார்ம் ரொப்பினவன் ஒரே ஆளை ரெண்டு தரம் ஏத்தியிருப்பான்."

"வீட்ல ஒரு போன்தான் இருக்கும்னா?"

அவர் சிரித்தார். "இந்தக் காலத்துல யார்கிட்ட மொபைல் இல்லை சொல்லு? எங்காத்துக்குப் பாத்திரம் தேய்க்க வர பாயிகிட்டயே ரெண்டு போன் இருக்கு."

என் அம்மா அதே மாட்டுங்காவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த பாயி. அவளிடம் ஒரு போனும் இருந்ததில்லை. பக்கத்துக் கடைக்காரர் நம்பரைத்தான் எல்லா இடத்திலும் கொடுப்பாள். என் பள்ளிக்கூடப் படிவத்தில்கூட அந்த நம்பர்தான். எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த ஆபீஸில் வேறு யாருக்கும் தெரியாது. வாய் திறந்து சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். சொல்லியிருந்தால் என் அம்மா பாத்திரம் தேய்த்தவள் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நான் என் இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சம்மதம் கொடுக்கும் பொத்தானை அழுத்தினேன்.

சித்தி அன்று போன் பண்ணுவதற்குச் சில நாட்கள் முன்புதான் ஆப் மையத்துக்குப் போனது. நோட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

நான் சித்தி வீட்டுக்குப் போனது அந்தப் போன் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகு. மத்தியானம். கீழே ஒரு குடும்பம், மேலே இவர்கள், நடுவில் செங்குத்தான இரும்பு ஏணி. ஏறும்போதே மேலே இருமல் சத்தம் கேட்டது. சித்தப்பா என்று நினைத்தேன். மேலே போனால் அவர் சுவரோரம் உட்கார்ந்து பள்ளிப் பைகளுக்குக் கைப்பிடி வெட்டிக்கொண்டிருந்தார், முகம் தெளிந்திருந்தது. இருமியது சித்தி. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருமினாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"என்ன சித்தி இது?"

"சளிட்டி. மழை வந்தா வாரதுதான்."

மாத்திரை எப்போது முடிந்தது என்று கேட்டேன். சொன்னாள். சித்தப்பாவுக்கு முடிந்ததற்கு அடுத்த வாரம். எத்தனை மாதம் சாப்பிட்டாய் என்றேன். அவள் யோசித்தாள். சித்தப்பா வெட்டிக்கொண்டிருந்த கத்திரியைக் கீழே வைத்தார்.

"நாலு மாசம் இருக்கும்" என்றார் அவர்.

"ஆறு மாசம்னு சொல்லலையா சித்தி உங்கிட்ட?"

"சொன்னாவ. நான் போனேன்ட்டி. எப்பவும் போல வரிசையில நின்னேன். புதுப் பையன் ஒருத்தன் டப்பா மாதிரி ஒண்ணு வச்சிருந்தான். நம்பரைக் கேட்டான், சொன்னேன். பாத்துட்டு, கோர்ஸ் பூரா ஹோகயா, கர் ஜாவ்ன்னுட்டான். முடிஞ்சிட்டு, வீட்டுக்குப் போன்னு சொன்னப்புறம் நான் என்னத்தக் கேக்க? நல்லா தேறியிருப்பேன் போல, அதான் சீக்கிரம் முடிஞ்சிட்டுன்னு நெனச்சேன்."

"உன் பேரைக் கேட்டானா?"

"நம்பரைத்தான் கேட்டான்."

அவள் எனக்கு டீ போட எழுந்தாள். வேண்டாம் என்று கத்தினேன். அவள்மேல் கத்த எனக்கு என்ன இருக்கிறது. அவள் பயந்துபோய் மெஷின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சித்தப்பா என்னையே பார்த்தார். நான் எழுதிய ஆப்தான் அது என்று அவர்களிடம் அன்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாக ஆபீஸுக்குப் போனேன். பழைய மேப்பையும் திருப்பிப் போட்ட மேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலாவதில் இருந்து இரண்டாவதில் காணாமல் போன பதிவு எண்களை மட்டும் எடுக்கச் சொன்னேன். பட்டியல் திரையில் ஓடியது. நிற்கும் என்று பார்த்தேன், ஓடிக்கொண்டே இருந்தது. மேலே போய் ஒவ்வொரு பெயராகப் படித்தேன். ஒன்றிரண்டு உண்மையிலேயே இரண்டு தடவை பதிந்தவை. மற்றதெல்லாம் தனித்தனி ஆட்கள். பெரும்பாலும் பெண்கள். வீட்டில் சம்பாதிக்கிற ஆணுக்கு இருமல் வந்தால் முதலில் அவனைத்தான் கூட்டிப்போகிறார்கள், அவன் பெயர்தான் முதலில் பதிவாகிறது. பெண்டாட்டி, மகள், மருமகள், அம்மா எல்லாம் அதற்குப் பின்னால். முதலில் வந்தவரை வைத்துக்கொள், அடுத்தவரை விட்டுவிடு. அந்த ஒரு வரி வீட்டுக்குள் நடப்பதை அப்படியே எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது. சித்தியின் பெயர் பட்டியலின் நடுவில் எங்கேயோ இருந்தது.

சரிசெய்ய எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. போன் நம்பருக்கு எதிரே ஒரு ஆளை வைப்பதற்குப் பதிலாக ஒரு பட்டியலை வைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நம்பரைக் கொடுத்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரும் அந்தப் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். மொழியிலேயே அதற்குத் தயாராக ஒரு வழி இருக்கிறது, முதல் வருஷப் பாடத்தில் வரும். போன் போகும்போது ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாகப் போகும். கவுன்டரில் நம்பரைத் தட்டினால் எல்லாப் பெயர்களும் வரும், யார் என்று கேட்டுக்கொள்ளலாம்.

டீம் லீடர் வந்ததும் பட்டியலைக் காட்டினேன்.

"டூப்ளிகேட் இவ்ளோவா?" என்றார்.

"டூப்ளிகேட் இல்லை. ஆளுங்க."

"சரி, ஃபிக்ஸ் பண்ணியாச்சுல்ல? இன்னிக்கே ரிலீஸ் பண்ணிடலாம். நல்ல வேளை நீ பார்த்தே."

"இதுல இருக்கறவங்களுக்கு ஒரு மாசமா மருந்து இல்லை."

அவர் திரும்பவும் திரையைப் பார்த்தார். நான் சித்தியின் பெயரைத் தொட்டுக் காட்டினேன். "இது எங்க சித்தி. போன வாரம் ரத்தம் வந்திருக்கு இருமல்ல." அதைச் சித்தப்பா ஏணியடியில் என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தார். டீம் லீடர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "நேக்கு எப்படித் தெரியும்?" என்றார் மெதுவாக.

"நான் கேட்டேன். நீங்க பாயிகிட்ட ரெண்டு போன் இருக்குன்னு சொன்னீங்க."

"நீயும்தானே அப்ரூவ் பண்ணினே?"

உண்மை. அதனால் கோபம் குறையவில்லை, இரண்டு மடங்கானது.

மத்தியானம் கம்பெனியின் இயக்குநர் எங்கள் இருவரையும் அழைத்தார். தாணேயிலிருந்து வருகிற அம்மையார், குரலை உயர்த்தவே மாட்டார். அறக்கட்டளைக்கு அனுப்ப ஒரு அறிக்கை தயாராக வைத்திருந்தார். நோயாளிகள் ஒரே தொலைபேசி எண்ணைப் பலமுறை கொடுத்திருந்த காரணத்தால் சில பதிவுகள் ஒன்றிணைந்துவிட்டன, இப்போது சரிசெய்யப்பட்டுவிட்டன என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்தும் வேண்டும் என்றார், படித்துப் பார்த்தவள் என்ற முறையில்.

"ஒண்ணும் ஒன்றிணையலை மேடம். நாம தூக்கிப் போட்டோம். மெஷின் யாரை வச்சுக்கறதுன்னு கேட்டுது. நாம அடுத்த ஆள் வேண்டாம்னு எழுதிக் கொடுத்தோம்."

"வார்த்தையை விடு. பிரச்சினை தீர்ந்ததா இல்லையா?"

"எங்க சித்தி என்ன தப்புப் பண்ணினா மேடம்? வீட்ல இருக்கிற நம்பரைக் கொடுத்தா. அது தப்புன்னு இதுல எழுதியிருக்கு."

நான் கையெழுத்துப் போடவில்லை. எழுந்து வந்துவிட்டேன். என் இடத்தில் உட்கார்ந்து மையத்து டாக்டருக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். தப்பு நம்பரில் இல்லை, எங்கள் நிரலில். எச்சரிக்கை வந்தும் அதை அடக்கினோம். நான் பார்த்துவிட்டுச் சம்மதம் கொடுத்தேன். விட்டுப்போனவர்களின் பெயர்கள் இதனுடன் இருக்கின்றன. இன்றே தேட ஆரம்பியுங்கள். அனுப்பிவிட்டு இயக்குநருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அந்த மாதக் கடைசியில் என்னை வேறு வேலைக்கு மாற்றினார்கள். ஒரு சோப்புக் கம்பெனியின் குலுக்கல் பரிசு ஆப். மூன்று மாதம் அதைச் செய்துவிட்டு நானே விலகினேன்.

சித்தியை மையத்துக்கு நான் கூட்டிப்போனேன். டாக்டர் அம்மா அவளைப் பரிசோதித்துவிட்டு, மறுபடி சளி எடுத்துப் பார்க்க வேண்டும், மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக மாறியிருந்தால் கஷ்டம் என்றார். முடிவு வருகிற வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. மாறியிருக்கவில்லை. ஆனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சாப்பிட்ட நாலு மாதமும் கணக்கில் இல்லை. மறுபடி ஆறு மாதம்.

வெளியே வந்து, தெருவோரக் கல்லில் அவளை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். மேப், சாவி என்றெல்லாம் சொல்லவில்லை. ஒரு நம்பருக்கு ஒரு ஆள்தான் என்று நாங்கள் எழுதிவிட்டோம், சித்தப்பா முதலில் இருந்ததால் அவர் தங்கிவிட்டார், உன்னை எடுத்துவிட்டோம், அதற்கு நானும் சரி சொன்னேன் என்று சொன்னேன்.

அவள் மாத்திரை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "போவட்டும்ட்டி. வேணும்னேவா செஞ்ச?" என்றாள்.

"திட்டு சித்தி."

"எதுக்கு? நம்ம பேரு எங்கதான் ஒழுங்கா இருந்திருக்கு. ரேஷன் கார்டுலயும்தான் மூணு வருஷம் இல்ல."

அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பெயர் விட்டுப்போவது மழை பெய்கிற மாதிரி ஒரு விஷயம் என்று அவள் நினைத்தாள். அவளுக்கு வராத கோபமெல்லாம் எனக்குத்தான் வந்தது.

ஒரு போன் வாங்கிக்கொடுக்கிறேன் என்றேன். வேண்டாம், வைக்க இடமில்லை, சார்ஜ் போட ஒரே பிளக்தான் இருக்கிறது, அதில் மெஷின் ஓடுகிறது என்றாள்.

மையத்தின் களப்பணியாளர் ஒரு பெண், கோவண்டிக்காரி, விட்டுப்போனவர்களைத் தேடி வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். விடுமுறை நாட்களில் நானும் கூடப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆபீஸில் திரையில் ஓடிய பெயர்களுக்கு ஒவ்வொன்றாக முகம் வந்தது. மீன் சுத்தம் செய்கிற கையைத் துடைத்துக்கொண்டு ஒருத்தி வந்து நின்றாள். ஒரு கிழவி, மகன் நம்பரைக் கொடுத்தவள், மகனுக்கு முடிந்ததும் தனக்கும் முடிந்தது என்றே நினைத்திருந்தாள். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் எங்களைக் கண்டதும் சண்டைக்கு வந்தாள். "நான் நாலு தரம் வந்தேன், நாலு தரமும் உங்கப்பாவுக்கு முடிஞ்சிருச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க" என்று இந்தியில் கத்தினாள். கத்தட்டும் என்று நின்றேன். அவள் கத்தியது எனக்கு வேண்டியிருந்தது.

அநேகமாக எல்லோரையும் கண்டுபிடித்துவிட்டோம். கோவண்டியில் ஒரு வீடு மட்டும் மிச்சம். இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், கைக்குழந்தைக்காரி என்று பதிவில் இருந்தது. நம்பர் அவள் கொழுந்தனுடையது. கதவைத் திறந்தவன் அவன்தான். அவள் இங்கே இல்லை என்றான்.

"எங்க போயிருக்காங்க?"

"கல்யாண்ல அவங்க அக்கா வீட்ல இருக்கலாம். இல்ல ஊருக்குப் போயிருக்கலாம்."

"அவங்க நம்பர் இருக்கா?"

"இதுதான் அவங்க நம்பர்" என்று தன் போனைத் தூக்கிக் காட்டினான்.

களப்பணியாளர் விளக்கமாகச் சொன்னாள். மருந்து பாதியில் நிற்கிறது, குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளும், அக்கா வீட்டு விலாசமாவது கொடுங்கள் என்று கேட்டாள். தெரியாது என்று கதவைச் சாத்திவிட்டான். நாங்கள் இன்னும் இரண்டு தடவை போனோம். மூன்றாவது தடவை வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

சித்தி இந்த வருஷம் மருந்தை முடித்தாள். இந்தத் தடவை நான் ஒவ்வொரு வாரமும் விரல் விட்டு எண்ணினேன். கோவண்டிப் பெண்ணைப் பற்றி இதுவரை ஒன்றும் தெரியவில்லை. மையத்துக்கு மாதம் ஒருமுறை போன் பண்ணிக் கேட்கிறேன். அவள் பதிவு எண்ணை அவர்கள் சொல்வதற்கு முன்பே நான் சொல்லிவிடுகிறேன், எனக்கு மனப்பாடம். பார்த்துவிட்டு, இன்னும் வரவில்லை என்று சொல்கிறார்கள்.